நீதிபதி ஹார்டியின் அறையும் அம்மையப்ப முதலியாரின் கூடமும்

‘குடும்பத்துடன் காண வேண்டிய படம்’ என்னும் வாசகம் நம் நாட்டுச் சுவரொட்டிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதற்குப் பொருள் யாது என வினவினால், பெரும்பாலோர் அப்படத்தில் இல்லாதவற்றையே அடுக்கிக் கூறுவர். ஆபாசம் இல்லை, அடிதடி இல்லை, இரட்டைப் பொருள்படும் பேச்சு இல்லை என்பர். நல்லது. ஆயினும், இல்லாமை மட்டுமே ஒரு படைப்புக்குத் தகுதியாகிவிடுமா? கழுவிக் கவிழ்த்த பாத்திரம் தூய்மையானதுதான். அதற்காக அதனைப் பசித்தவன் முன் எடுத்து வைப்பார் உண்டோ?

இக்கேள்வி எமக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் நாள்கணக்கில் வெளியே தலைகாட்ட இயலாது. உதகையிலும் குன்னூரிலும் மாலை ஆறு மணிக்கே கதவுகள் சாத்தப்படும். அடைபட்ட வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசியுடன் மூலைக்கொருவராக அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சலித்த பெற்றோர், “உஸ்தாத், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்கின்றனர். திரைப்படமே வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்களை யாம் மதிக்கிறோம். அவர்களுக்கு இக்கட்டுரை தேவையில்லை. பார்ப்பது என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் எதைப் பார்ப்பது, எவ்வாறு பார்ப்பது என்னும் கவலை. அக்கவலைக்கு விடை தேடும் முயற்சியாகவே ஒரு தமிழ்ப் படத்தையும், அதற்கு முன்னோடி என்று கூறத்தக்க ஓர் அமெரிக்கப் படவரிசையையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம்.

தமிழ்ப் படம், விசு எழுதி இயக்கி நடித்து ஏவி.எம். நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘சம்சாரம் அது மின்சாரம்’. அவ்வாண்டுக்கான தேசிய விருதுகளில், நல்ல பொழுதுபோக்கை அளித்த சிறந்த வெகுசனப் படம் என்னும் தங்கத்தாமரை விருதை அது பெற்றது. அமெரிக்கப் படவரிசை, எம்.ஜி.எம். நிறுவனத்தார் 1937 முதல் எடுத்த ‘ஆண்டி ஹார்டி’ படங்கள். கடைசியாக 1958இல் வந்த ஒன்றையும் சேர்த்து மொத்தம் பதினாறு. வளைகுடாவில் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவர் அவற்றுள் பலவற்றைத் திரட்டி அனுப்பியிருந்தார். அமெரிக்க வாழ்க்கை முறையைச் சித்திரித்தமைக்காக 1942ஆம் ஆண்டுக்கான சிறப்பு ஆஸ்கார் விருது அந்நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. விருது வழங்கிய கழகத்தை 1927இல் தோற்றுவித்தோருள் முன்னின்றவரே அந்நிறுவனத்தின் தலைவர் லூயி மேயர் என்பதையும் ஈண்டு நினைவில் கொள்ளலாம். தன் வீட்டுப் பிள்ளைக்குத் தானே சூட்டிய மாலை!

கார்வெல் என்னும் கற்பனைச் சிற்றூர். அங்கே ஒரு நீதிபதி. அவர் மனைவி, மூத்த மகள், இளைய மகன் ஆண்டி, உடன் வாழும் மனைவியின் தங்கை. முதற்படத்தில் நீதிபதியாக லயனல் பாரிமோர் நடித்தார். அடுத்த படத்திலிருந்து லூயி ஸ்டோன். ஆண்டியாக மிக்கி ரூனி. அதிர்ச்சி தரும் திருப்பம் எதுவும் இப்படங்களில் கிடையாது. 1938இல் வந்த ‘லவ் ஃபைண்ட்ஸ் ஆண்டி ஹார்டி’யின் கதை இவ்வளவே: இருபது டாலர் விலையில் ஒரு பழைய மோட்டார் காரைப் பையன் பேசி முடித்துவிட்டான். இன்னும் எட்டு டாலர் கொடுக்க வேண்டும். அந்த எட்டு டாலருக்காக, ஊருக்குப் போகும் நண்பன் ஒருவனின் தோழியைப் பிற பையன்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொள்கிறான். அதனால் தன் தோழியிடம் மாட்டிக்கொள்கிறான். அடுத்த வீட்டுக்கு விருந்தாக வந்த சிறுமியோ (இவள்தான் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜூடி கார்லண்ட்) இவன்மீது மௌனமாக அன்பு வைக்கிறாள். எட்டு டாலர் எவ்வளவு சிக்கலை இழுத்து வருகிறது பாருங்கள்!

நம் குடும்பங்களுக்கு இந்தத் ‘தோழி’ விவகாரம் பொருந்தாது என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். பதினாறு வயதுப் பையனுக்கு நடனத்திற்கு அழைத்துச் செல்ல ஒரு பெண் கிடைக்கவில்லையே என்று வீடே கவலைப்படுவதை இங்கு எவரும் ‘நல்ல குடும்பம்’ என்று ஏற்கமாட்டார். இதிலிருந்தே ஓர் உண்மை விளங்கும்: ‘குடும்பப் படம்’ என்பது எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான சரக்கன்று, எந்தக் குடும்பம் என்று கேட்டாக வேண்டும்.

ஆயினும் அப்படங்களில் எம்மைக் கட்டி நிறுத்தியது ஒரு காட்சி. படத்துக்குப் படம் அது மாறாமல் வரும். பையன் சிக்கலில் அகப்பட்டு வழி தெரியாமல் தந்தையின் படிப்பறைக் கதவைத் தட்டுகிறான். தந்தை நூலை மூடி வைக்கிறார். கதவு சாத்தப்படுகிறது. மகன் தான் செய்ததைச் சொல்லித் தீர்க்கும் வரை தந்தை குறுக்கிடுவதில்லை. பிறகு சில சொற்கள் பேசுகிறார். அவ்வளவுதான். அமெரிக்க மக்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கட்டணம் கொடுத்துச் சென்று பார்த்தது பையனின் சேட்டையைத்தான் என்று விளம்பரங்கள் கூறலாம். எம் கணிப்பு வேறு. பொருளாதார மந்தத்தில் உழன்று, பின் போருக்குப் பிள்ளைகளை அனுப்பிய தந்தைமார், தாம் இருக்க விரும்பிய விதத்தை அந்த அறையில் கண்டனர். பிள்ளைகளோ, தமக்கு வாய்க்காத ஒரு தந்தையைக் கண்டனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். ஆண்டி ஹார்டியின் நகை முழுதும் இளமையிலும் பேதைமையிலும் பிறப்பது. நடுவில் இருப்பவை மனம் புண்படுத்தாத சிறு தடுமாற்றங்கள். அதனால்தான் அதில் நஞ்சு இல்லை; அதனாலேயே அதில் உண்மையும் பாதிதான் இருக்கிறது. ஏனெனில் அந்த வீட்டில் தவறு செய்வது மகன், திருத்துவது தந்தை. பதினாறு படங்களிலும் தந்தையைத் திருத்துவதற்கென்று ஓர் அறை கட்டப்படவில்லை.

விசுவின் படத்துக்கு வருவோம். அம்மையப்ப முதலியார் ஒரு குமாஸ்தா. மனைவி கோதாவரி. மூன்று மகன்கள், ஒரு மகள், இரண்டு மருமகள்கள், வேலைக்காரி கண்ணம்மா. அனைவரும் நடமாடும் இடம் அந்த வீட்டுக் கூடம் ஒன்றே. உண்பது, படிப்பது, கணக்குப் பார்ப்பது, கண்ணீர் விடுவது எல்லாம் அங்கேயே. மேடை நாடகத்திலிருந்து வந்தவர் விசு; அதனால் எல்லாரையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பேச வைக்கிறார் என்று சிலர் குறை கூறுவர். குறை உண்மையே, பேச்சும் மிகுதிதான். சில இடங்களில் ஒருவர் பேசி முடிக்கும் முன் மற்றவர் விடையை உருப்போட்டு வைத்திருந்தது தெரிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் குறையே இப்படத்தில் பொருளுடையதாகிறது. தனித்துப் பேச இடமில்லாத வீட்டில் எந்தப் பேச்சும் கூட்டப் பேச்சாகிவிடும். கூட்டத்தின் நடுவே எவரும் தம் தவற்றை ஒப்புக்கொள்ளார்.

வீட்டின் விரிசல் தொடங்குவதைப் பாருங்கள். மூத்த மருமகள் உமா பிரசவத்திற்குத் தாய்வீடு செல்கிறாள். மூத்த மகன் சிதம்பரம், வழக்கமாகக் குடும்பச் செலவுக்குக் கொடுக்கும் தொகையில், வீட்டில் இல்லாத தன் மனைவியின் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை நீட்டுகிறான். தந்தை கேட்கிறார், மகன் கணக்குச் சொல்கிறான், சொல் தடிக்கிறது. வீட்டை விட்டு வெளியே போ என்கிறார் தந்தை. வீட்டுக்காகத் தான் செலவிட்டதைத் திருப்பிக் கொடுத்தால் போகிறேன் என்கிறான் மகன். வீட்டின் நடுவே ஒரு கோடு கிழிக்கப்படுகிறது.

இக்காட்சியை நினைக்கும்போதெல்லாம் எமக்கு ஜாஹிழ் நினைவுக்கு வருகிறார். பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த அந்த அரபுப் பேரறிஞர் கருமிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் குராஸான் நாட்டார் சிலரைப் பற்றி ஒரு கதை: கூடி வாழ்ந்த சிலர் விளக்கு எண்ணெய்க்குப் பங்கு போட்டனர். ஒருவர் பங்கு கொடுக்க மறுத்தார். விளக்கு எரியும்போதெல்லாம் அவர் கண்களைத் துணியால் கட்டிவிட்டார்களாம். விளக்கு அணைந்த பிறகே அவிழ்த்து விட்டார்களாம்! சிதம்பரத்தின் கணக்கும் இந்தக் கண்கட்டும் ஒன்றே. இரண்டிலும் கணக்கில் பிழையில்லை. மனைவி உண்ணாத உணவுக்கு விலை கொடுக்க வேண்டாம் என்பது கூட்டல் கழித்தலில் சரிதான். சரியான கணக்கு எப்படி ஒரு வீட்டை இருட்டாக்கும் என்பதைச் சிரித்துக்கொண்டே காட்டியவர் ஜாஹிழ். சிரிப்பை நடுவில் நிறுத்திவிட்டுக் காட்டியவர் விசு. ரகுவரன் அந்த வேடத்தில் குரலை உயர்த்தாமல் பேசுவது அதற்குப் பெருந்துணை. கத்தியிருந்தால் கெட்ட மகன் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்திருப்போம்.

இதே படத்தை எம் இளமையில், குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் கண்டோம். தொழிலாளர் குடும்பங்கள் தரையில் நிறைந்திருந்தன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தோரும், சமவெளியிலிருந்து ஏறியோரும், எம் போன்ற முஸ்லிம் குடும்பங்களும் கலந்த கூட்டம். கோடு கிழிக்கும் காட்சியில் நகரத்து மக்கள் அழுததாகக் கேள்விப்பட்டிருந்தோம். அங்கோ ஒரு பெண்மணி, “நம்ம வீட்டில கோடு போடத் தரை எங்கே இருக்கு?” என்றார். அனைவரும் சிரித்தனர். லைன் வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னே ஒரு சிறு திண்ணை. மகனுக்கு மணமானால் குறுக்கே ஒரு பழஞ்சேலை. அம்மையப்ப முதலியார் வீட்டில் பேரிடியாக விழுந்த கோடு அவர்களுக்கு நாள்தோறும் கண்ட சேலைத் திரையாகவே தோன்றியது. நீதிபதி ஹார்டியின் படிப்பறையை அன்று அவர்களுக்குக் காட்டியிருந்தால், அந்த அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்கள்.

நீலகிரிக் குடும்பங்கள் இப்படி இருக்க, தமிழ்ப் படங்களுக்கு நீலகிரி என்பது பாட்டுக்கும் தேனிலவுக்குமான இடமாகவே பெரும்பாலும் இருந்திருக்கிறது. ‘அன்பே வா’ (1966) முதல் ‘மூன்றாம் பிறை’ (1982) வரை இம்மலையில் படம் பிடித்தவை பல. உதகை இந்துநகரில் பொதுத்துறை ஆலை ஒன்று பல்லாண்டுகள் படச்சுருளே தயாரித்தது. அதிலும் படிந்தது எங்கள் பனிமூட்டம்தான்; எங்கள் குடும்பங்கள் அல்ல. இதை மனத்தாங்கலாகக் கூறவில்லை. அம்மையப்ப முதலியாரின் கூடமே எங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருந்தது என்பதற்காகக் கூறினோம்.

படத்தின் முடிவைப் பற்றித்தான் நம் வாசகக் குடும்பங்களில் கருத்து வேறுபாடு மிகுதி. தாய்வீட்டிலிருந்து குழந்தையுடன் திரும்பும் உமா, சிதறிய வீட்டைச் சேர்க்கிறாள். கண்ணம்மாவாக வரும் மனோரமா, மகளின் மாமனாரோடு நடத்தும் வாய்ச்சண்டை தமிழ்த் திரையின் நகைச்சுவைக்கு ஓர் அணிகலன். கணவன் மன்னிப்புக் கேட்கிறான், தந்தை ஏற்கிறார். எல்லாரும் மீண்டும் ஒன்றாக வாழ்வர் என்று நாம் எழுந்திருக்கப் போகும் நேரத்தில், உமா மறுக்கிறாள். தனித்தனியே வாழ்வோம், அவ்வப்போது கூடுவோம், அன்பு அப்படியே இருக்கும் என்கிறாள். “கடைசியில் மருமகள் தனிக்குடித்தனத்துக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டாளே! இதுவா நல்ல படம்?” என்று எம்மிடம் கேட்ட பெரியவர்கள் உண்டு. மேல்நாட்டு நாகரிகம் புகுந்துவிட்டது என்பது அவர்கள் வாதம்.

பெரியவர்களின் மனம் புரிகிறது, வாதம்தான் நிற்கவில்லை. நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் ‘ஹிதாயா’வில் நஃபகா பற்றிய பாடத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானீ எழுதிய நூல் அது. கணவன் தன் உறவினர் எவரும் இல்லாத உறைவிடத்தை மனைவிக்கு அமைத்துத் தர வேண்டும். அவளே விரும்பிச் சேர்ந்திருந்தால் அது வேறு. தனி வீடு இல்லாவிடினும், பெரிய வீட்டினுள் தனிப்பூட்டு உள்ள ஓர் அறையேனும் வேண்டும். இதுவே அங்குள்ள சட்டம். பூட்டு என்னும் அளவுக்கு நுணுகிச் சென்றிருக்கிறார்கள் சட்ட அறிஞர்கள்! தன் பொருளும் தன் பேச்சும் பாதுகாப்பாக இருக்க ஒரு பெண்ணுக்கு ஒரு கதவு வேண்டும் என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உணர்ந்தவர்களை மேல்நாட்டு நாகரிகத்துக்கு ஆட்பட்டவர்கள் என்று யாரும் சொல்லார். அப்படத்தில் புதிதாய் மணமான இரண்டாம் மகனும் மருமகள் வசந்தாவும் தனித்திருக்க நேரமும் இடமுமின்றித் தவித்துப் பிரிந்ததை நினைத்துப் பார்த்தால், உமா கேட்பது அந்தப் பூட்டைத்தான் என்பது விளங்கும். உறவை அவள் அறுக்கவில்லை. கதவு ஒன்று கேட்கிறாள்.

தந்தை மகன் பேச்சைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அரபியில் ‘இப்னு’ என்பது மகன். அதன் தஸ்கீர் வடிவம், அதாவது குறுக்கி அன்பு காட்டும் வடிவம், ‘புனய்ய்’. நூஹ் (அலை), யஃகூப் (அலை), இப்ராஹீம் (அலை), லுக்மான் (அலை) ஆகியோர் தம் மக்களை விளித்ததாகத் திருமறை கூறுமிடங்களில் இந்த வடிவமே வருகிறது. இணங்கிய மகனுக்கும் அதே விளி. கப்பலில் ஏற மறுத்த மகனுக்கும் அதே விளி. இப்ராஹீம் (அலை) அவர்களோ தாம் கண்ட கனவைக் கூறி, மகனின் கருத்தையும் கேட்கிறார்கள். அத்தா, வாப்பா, உப்பா என்று ஒரே தெருவில் மூன்று விளிகள் கேட்கும் ஊர் எங்களூர். பிள்ளைகள் தந்தையை அழைக்க மூன்று சொல் இருக்கிறது. தந்தையர் பிள்ளையை அழைக்கும் சொல் எது என்பதே எம் கேள்வி. நீதிபதி ஹார்டி மகனிடம் கனிவாகப் பேசுகிறார், ஆனால் அவன் கருத்தைக் கேட்பது அரிது. அம்மையப்ப முதலியார் கேட்பதும் இல்லை, கனிவதும் இல்லை. இறுதியில் மட்டும் மருமகள் கூறுவதை நின்று கேட்கிறார். விசுவின் முகம் அக்காட்சியில் மெல்லத் தளர்வது அவருடைய நடிப்பிலேயே சிறந்தது என்பேன். வீட்டில் தோற்பதற்கு ஒப்புக்கொண்ட ஒரு தந்தையைத் தமிழ்த் திரை அதற்கு முன் இவ்வளவு வேடிக்கையாகவும் இவ்வளவு மரியாதையாகவும் காட்டியதாக எமக்கு நினைவில்லை.

குறைகளும் உண்டு. கோதாவரியை எவரும் எதுவும் கேட்பதில்லை. கமலா காமேஷ் அழுகையால் மட்டுமே பேச வேண்டியிருக்கிறது. ஹார்டி வீட்டிலும் இதே நிலை. படிப்பறைப் பேச்சு ஆணுக்கும் ஆணுக்கும் உரியது, தாய் அடுப்படியில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். நல்ல பொழுதுபோக்கு என்று விருது வாங்கிய இரு தரப்பிலும் தாய்க்குக் கதவும் இல்லை, அறையும் இல்லை. மற்றொன்று: அந்த இனிய அமெரிக்கக் குடும்பத்தைத் தயாரித்த அதே கூடத்தில், இளம் ஜூடி கார்லண்டுக்கு உடல் மெலியவும் விழித்திருக்கவும் உறங்கவும் மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை அவரே பின்னர் கூறினார். 47ஆம் வயதில் 1969இல் அவர் மறைந்தார். திரையில் ஒரு பையனுக்காக நீதிபதி நூலை மூடி வைத்தார். திரைக்குப் பின்னால் ஒரு சிறுமிக்காக எவரும் எதையும் மூடி வைக்கவில்லை.

ஆகவே, கேட்ட பெற்றோருக்கு எம் விடை: இரண்டில் ஒன்றுதான் என்றால் ‘சம்சாரம் அது மின்சாரம்’ பாருங்கள். பாட்டுகளைத் தள்ளிவிடுவோர் தள்ளிவிடலாம், கதை கெடாது. மகளின் கலப்பு மணம் பற்றிய பகுதியில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். விடையை முன்பே யோசித்து வைத்திருங்கள், நிறுத்தானை அழுத்தாதீர்கள். பங்கு கழிக்கும் காட்சியில் யார் பக்கம் நியாயம் என்று வீட்டு மருமகளிடம் முதலில் கேளுங்கள், மகனிடம் பிறகு. உமா பேசத் தொடங்கும்போது தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகும் மாமனார்களை யாம் அறிவோம். அந்தக் காட்சிக்கு ஐந்து நிமிடந்தான் ஆகும். இஷாவுக்கு நேரம் நிறைய இருக்கிறது.